பேத்தியின் முதல் பேக்கிங்: கேக்கா, நெய் பிஸ்கட்டா?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓவன் வேலை பழக்க நினைக்கும் பாட்டிகள் பெரும்பாலும் கேக்கில்தான் தொடங்குகிறோம். என்னைக் கேட்டால், முதலில் நெய் பிஸ்கட்தான்.

காரணம், அதில் பிள்ளையின் கைக்கு வேலை இருக்கிறது. 1 கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, அரை கப் நெய், ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. பிசைவது, உருட்டுவது, லேசாகத் தட்டுவது, நடுவில் முந்திரி பதிப்பது எல்லாமே பேத்தி செய்யலாம். மாவு உதிர்ந்தால் "இன்னும் ஒரு ஸ்பூன் நெய் விடு கண்ணு" என்றால் போதும். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக உருட்டினாளா? விடுங்கள். சிறியது சீக்கிரம் சிவந்துவிடும். ஒரே அளவு எதற்கு என்று அவளே பார்த்துப் புரிந்துகொள்வாள். 170 டிகிரியில் 15 நிமிடம் போல ஆகும். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் கெட்டியாகும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைக்க வேண்டாம்.

கேக்கில் சலிப்பதும் கலக்குவதும்தான் பிள்ளைக்கு மிஞ்சும். மைதா சேர்த்தபின் அதிகம் கலக்கினால் கேக் இறுகிப்போகும். அப்புறம் 180 டிகிரியில் 35 நிமிடமாவது காத்திருக்க வேண்டும்; பாதியில் கதவைத் திறந்தால் நடுவில் அமுங்கிவிடலாம். ஆனால் கண்ணாடி வழியே கேக் உப்புவதைப் பார்க்கும் அந்த முகம் இருக்கிறதே, அதை பிஸ்கட் தராது! ஏழெட்டு வயதில் கேக்குக்குப் போகலாம்.

எதைச் செய்தாலும் பச்சை மாவை நக்க விடாதீர்கள். சூடான தட்டைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும்.