அட்டவணையா, மூன்றே மூன்று எழுத்தா? வீட்டில் தமிழ் வாசிக்கப் பழக்கும் வழிகள்

வீட்டிலேயே பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தர நினைத்தால் நான்கு வழிகள் கண்ணில் படும்: சுவரில் ஒட்டும் எழுத்து அட்டவணை, படமும் சொல்லும் உள்ள அட்டைகள், கைபேசிச் செயலி, அப்புறம் சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே சொல் கட்டத் தொடங்குவது. எங்கள் வீட்டில் கடைசி வழிதான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

செயலி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உச்சரிப்பு தெளிவாக இருக்கும், பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் தப்பாகத் தொட்டால் இன்னொன்றைத் தொட்டுக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அட்டையில் பிள்ளை படிப்பது பெரும்பாலும் படத்தைத்தான். படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எழுத்துக்கூட்டல் குழப்பமான ஆங்கிலத்துக்கே, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிப்பதுதான் பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் சொல்லிவிட்டது. தமிழில் சொல்லை உருவமாக மனப்பாடம் செய்ய இன்னும் குறைவான காரணமே இருக்கிறது.

ஆக, உண்மையான போட்டி அட்டவணைக்கும் சொல் கட்டுவதற்கும்தான். இதில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிள்ளையின் கண் எழுத்தின் மேல் இருக்கிறதா, இல்லையா?

அட்டவணையை வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. க, கா, கி, கீ என்று ராகம் போட்டால் வாய் தானாகப் போகும். நடுவிலிருந்து ‘மெ’ என்பதைத் தனியாகக் காட்டிக் கேளுங்கள். பல பிள்ளைகள் ‘ம’விலிருந்து மனசுக்குள் ஓடி வந்துதான் சொல்வார்கள். போதாததற்கு, அட்டவணை வரிசை கடினமானதை முன்னாலேயே வைக்கிறது. கு, சு, டு, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிற உகர வரிசை ஐந்தாவதாகவே வந்துவிடும். துணைக்கால் போல ஒரே அடையாளத்தை எல்லா எழுத்திலும் ஒட்டிப் பார்க்கும் வசதி அங்கே கிடையாது. இன்னொரு பக்கம், நடைமுறையில் எந்தச் சொல்லிலும் வராத ஙீ, ஙூ எல்லாவற்றுக்கும் சம நேரம் போகும். எழுத்து மொத்தம் 247. முதல் சொல்லை வாசிக்க அத்தனையும் தேவையில்லை.

சொல் கட்டும் முறையில் ட, ப, ம, அப்புறம் புள்ளி. இவ்வளவு போதும்: படம், மடம், பட்டம், மட்டம். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாமா, பாப்பா. இகரக் குறியைச் சேர்த்தால் மாடி, மடி, பாட்டி. ‘பாப்பா, படி’ என்று ஒரு வாக்கியமே வந்துவிடும். இங்கே ராகம் உதவாது, பார்த்தால்தான் வாசிக்க முடியும்.

இன்னொரு லாபமும் உண்டு. ‘பட்டம்’ என்பதில் வல்லென்று ஒலிக்கிற ட, ‘படம்’ என்பதில் மென்மையாகிவிடுகிறது. தனி எழுத்தாகச் சொல்லிப் பழகியவர்கள் முதலில் அழுத்தியே வாசிப்பார்கள். ஆனால் சொல் ஏற்கெனவே காதில் இருப்பதால், ஓரிரு தடவைக்குப் பிறகு பிள்ளையே சரிசெய்துகொள்ளும். இதற்கு விதி எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொம்பு மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும்: ‘பெ’யில் முதலில் எழுதுவதைப் பிறகு ஒலிக்க வேண்டும், ‘பொ’வில் அடையாளம் இரண்டு பக்கமும் நிற்கும். கால், இகரக் குறி நன்றாகப் படிந்த பிறகு அதற்குப் போகலாம். உகரத்தை அதற்கும் பிறகு, கு, து, மு என்று அடிக்கடி வருபவற்றைத் தனித்தனி எழுத்தாகவே காட்டிவிடுவது நல்லது.

இந்த வழியில் வேலை பெற்றோருக்குத்தான். கதைப் புத்தகம் எதுவும் உங்கள் மூன்று எழுத்துக்குள் அடங்காது. தினமும் சொற்களை யோசித்து எழுத வேண்டும், தெரியாத எழுத்து நுழைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் இல்லாதவர்களுக்கு, அட்டவணையை வாங்கி வரிசை தவிர்த்துக் குறுக்கே நெடுக்கே காட்டிக் கேட்பது மோசமில்லை.

நான் சொல்வது வீட்டில் தமிழ் பேசும் ஒரு பிள்ளையை வைத்து. பேச்சுத் தமிழே காதில் விழாத பிள்ளைக்கு அந்த ‘தானே சரிசெய்துகொள்ளும்’ வசதி குறையும், அங்கே செயலியின் ஒலி கூடுதலாக உதவக்கூடும். அகராதி புரட்டும் வயதில் அகர வரிசை தெரிந்தே ஆக வேண்டும். அட்டவணையைச் சுவரில் ஒட்ட அப்போது நேரம் இருக்கிறது.