ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு: நிலக்கரியா, ஆறா?

1882 செப்டம்பரில் அமெரிக்காவில் இரண்டு மின்நிலையங்கள் ஓடத் தொடங்கின. 4ஆம் தேதி, நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசனுடையது. நிலக்கரியை எரித்து ஓடியது. 30ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் ஊரில் இன்னொன்று. ஃபாக்ஸ் ஆற்றுத் தண்ணீரில் ஓடியது. அதை நிறுவியவர் ரோஜர்ஸ் என்ற காகித ஆலை முதலாளி.

பேர்ல் தெருவில் ஒவ்வொரு டைனமோவும் 27 டன். சர்க்கஸ் யானை ஜம்போவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆப்பிள்டனில் எல்லாமே சிறியது, மொத்தம் 12.5 கிலோவாட். மின்னழுத்தம் அளக்கும் வோல்ட்மீட்டர் கிடையாது, விளக்கின் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். காகிதக் கூழ் அடிக்கும் இயந்திரங்களும் டைனமோவும் ஒரே நீர்ச்சக்கரத்தில் மாட்டியிருந்தன. ஆலையில் வேலை குறைந்தால் சக்கரம் வேகமெடுக்கும், விளக்குகள் பொசுங்கிப்போகும். அப்புறம்தான் டைனமோவுக்குத் தனிச் சக்கரம் போட்டார்கள்.

செலவைப் பார்த்தால் ஆறுதான் மேல், தண்ணீருக்கு யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் நிலக்கரியை ரயிலில் ஏற்றி எந்த ஊரிலும் இறக்கலாம். எடிசனின் நேர்மின்சாரமோ (ஒரே திசையில் ஓடுவது, DC) ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகத் திணறும். மின்நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருந்தாக வேண்டும். அதனால் பெரிய நகரங்களுக்கு நிலக்கரிதான் வாய்த்தது. 1896 நவம்பரில் நயாகராவின் மின்சாரம் தொலைதூரம் போகக்கூடிய மாறுதிசை மின்னோட்டமாகப் (AC) பஃபலோ நகரத்தை எட்டியபோதுதான் ஆற்றுக்கும் கால் முளைத்தது. பிறகு ஹூவர் அணை, கிராண்ட் கூலி என்று பெரிய அணைகள் எழுந்தன. ஆனால் அணை கட்டத் தோதான இடங்கள் குறைவு, மின்சாரத் தேவையோ ஏறிக்கொண்டே போனது. 2000களின் நடுவில் நாட்டின் மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2016இல் இயற்கை எரிவாயு அதை முந்தியது. ஆற்றின் பங்கு இன்று சுமார் 6 சதவீதம்தான்.

என் மனம் ஆற்றின் பக்கம்தான். 1907இல் மேற்கு வர்ஜீனியாவின் மொனோங்கா சுரங்கம் வெடித்தபோது, அரசுக் கணக்குப்படியே 362 பேர் இறந்தார்கள். அதை நினைத்தால் நிலக்கரியை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஆற்று மின்சாரமும் சும்மா வந்துவிடவில்லை. கொலம்பியா ஆற்றின் செலைலோ அருவியில் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமேடையில் நின்று சால்மன் மீன் பிடித்தார்கள். 1957 மார்ச்சில் அருவிக்குக் கீழே, அதே ஆற்றில் கட்டிய டாலஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் அருவி நீருக்குள் போய்விட்டது. அந்த மக்கள் கரையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

ஓரிகனில் தொடங்கி கலிபோர்னியா வழியாகக் கடலுக்குப் போகும் கிளமத் ஆற்றில் 2024இல் நான்கு அணைகளை இடித்து முடித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே சால்மன்கள் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி ஓரிகன் வரை நீந்திப் போயிருந்தன.