ஊர் சிம், லோக்கல் சிம், இ-சிம்: மூன்றையும் போட்டுப் பார்த்த கீழக்கரைக்காரனின் கணக்கு

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் அசோகத் தூணுக்குப் பக்கத்தில் நின்று மகள் எடுத்த படங்களை அங்கிருந்தபடியே குடும்பக் குழுவில் போட்டேன். பன்னிரண்டு படம், இரண்டு வீடியோ. நெட் நன்றாகவே ஓடியது. பாம்பன் தாண்டி வரும்போதுதான் மெசேஜைப் பார்த்தேன், இலங்கைக்கு வரவேற்பு சொல்லி வந்திருந்தது. அந்த மாதம் போஸ்ட்பெய்டு பில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு.

அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். மரம், கட்டடம் எதுவும் குறுக்கே இல்லாததால் அக்கரை டவரின் சிக்னல் தண்ணீர் மேலேயே வந்து சேர்ந்துவிடும். நம் கம்பெனி சிக்னல் தேய்ந்துபோகும் இடத்தில் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு நாட்டு எல்லையாக இருந்தால் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இலங்கை 2006 முதல் நம்முடைய அதே நேரத்தை வைத்திருக்கிறது, அதனால் அந்த எச்சரிக்கையும் நமக்குக் கிடையாது. பல போன்களில் சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் குட்டியாக 'ஆர்' (R) என்று ஓர் எழுத்து தோன்றும், அவ்வளவுதான். வெயிலில் அது யார் கண்ணில் படும்?

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு புரிந்தது. அதற்கு முந்தைய துபாய் பயணத்துக்காக வெளிநாட்டு ரோமிங்கை, அதாவது நம் சிம் வேறு நாட்டு டவரில் ஓடும் வசதியைத் திறந்து, போனில் டேட்டா ரோமிங்கையும் ஆன் செய்திருந்தேன். வந்த பிறகு இரண்டையும் மூடவில்லை. கஸ்டமர் கேரில் "சார், நீங்க அன்னைக்கு இலங்கையில இருந்திருக்கீங்க" என்றே சொன்னார்கள். தனுஷ்கோடி ராமநாதபுரம் மாவட்டம் என்று மூன்று பேரிடம் விளக்கினேன். பணம் திரும்பவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் தனுஷ்கோடிக்கு வரும் ஆயிரக்கணக்கான பேரில் யாருக்கும் இது நடக்கலாம்.

தனுஷ்கோடிக்கு மட்டும் போகிறவர்களுக்கு வழி சுலபம். கோதண்டராமர் கோயில் வளைவு வருவதற்குள் போன் செட்டிங்கில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியின் பெயரை நீங்களே தேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது, போன் அக்கரைக்குத் தாவாது. திரும்பி வந்ததும் மறுபடி ஆட்டோமேட்டிக். வரவேற்பு மெசேஜ் வருவதற்குக் காசு இல்லை. அந்த சிக்னலில் வரும் அழைப்பை எடுத்துப் பேசினால் காசு போகலாம், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி பெரிய கேள்வி. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை முழுக்க வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போய்வரும் வீடுகள். வேலைக்குப் போகிறவர்களைவிட, பிள்ளைகளைப் பார்க்க ஒரு மாத விசிட்டில் போகிற நம்மைப் போன்றவர்கள்தான் நெட் விஷயத்தில் காசை விடுகிறோம். நான் மூன்று தடவை துபாய் போனேன். காக்கா (அண்ணன்) வீடு துபாயின் தேரா பகுதியில். மூன்று தடவையும் மூன்று விதமாக நெட் வைத்துக்கொண்டேன்.

வைஃபை மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலும் மாலிலும் இருக்கும். மெட்ரோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நிற்கும்போது இருக்காது. மேலும், கீழே சொல்லப்போகும் சிக்கல் அந்த வீட்டு வைஃபைக்கும் உண்டு.

முதல் தடவை லோக்கல் சிம், அதாவது அந்த நாட்டு சிம். ஏர்போர்ட்டிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கினேன். டேட்டா தாராளம், டாக்ஸிக்காரர் கூப்பிட ஒரு உள்ளூர் நம்பர், வேகமும் நன்று. விசா அடித்து வேலைக்குப் போகிறவருக்கு இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். ஆனால் அன்று சாயங்காலம் உம்மாவுக்கு வாட்ஸப் வீடியோ கால் போட்டேன். கீழக்கரையில் போன் அடிக்கிறது, உம்மா எடுக்கிறார், திரையில் 'கனெக்டிங்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அறுந்துவிடுகிறது. ஐந்து தடவை. காக்கா வீட்டு வைஃபையில் போட்டாலும் அதே கதை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் அந்த நாட்டு நெட்டில் தடுக்கப்பட்டவை. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆப் பேசும் இரண்டு பக்கமும் வேண்டும். ஊரில் உம்மா, மாமி, இரண்டு மச்சான், தங்கச்சி என்று ஐந்து வீட்டுக்கும் ஆள் அனுப்பி அதை ஏற்றிக் கொடுத்து, பழக்கிவிடவும் வேண்டும். 70 வயது தாண்டிய உம்மாவுக்குத் தெரிந்தது அந்தப் பச்சை நிறப் படம் ஒன்றுதான். விபிஎன் (நெட்டை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டால் வரும் என்று அறைக்கு அறை பையன்கள் சொல்வார்கள். தடுத்து வைத்ததைத் திறக்க அங்கே விபிஎன் போடுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடியது. விசிட்டில் போனவர் தயவுசெய்து அதைத் தொட வேண்டாம்.

அந்த ஒரு மாதமும் உம்மா குரல் பதிவுதான் அனுப்பினார். "வாப்பா, சாப்டியா? மொகத்தக் காட்ட மாட்டேங்குறியே" என்று ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு ஜிபி என்ன விலை என்பதெல்லாம் எனக்கு அன்றோடு இரண்டாம் பட்சமாகிவிட்டது. எந்த வழியில் போனால் உம்மா முகம் தெரியும் என்பதை வைத்துத்தான் அதற்குப் பிறகு தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாம் தடவை ஊர் சிம்மிலேயே ரோமிங் பேக். மஃரிபு (அந்தி) தொழுதுவிட்டு உம்மா காத்திருப்பார், துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் எனக்கு அப்போது அசர் (பிற்பகல் தொழுகை) நேரம்தான். கால் போட்டேன், உடனே வந்தது. முற்றத்துக் கயிற்றுக் கட்டில்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எப்படி என்று அப்போது புரியவில்லை, பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ரோமிங்கில் இருக்கும்போது நம் டேட்டா அந்த நாட்டு நெட்டுக்குள் திறந்துவிடப்படுவதில்லை. அங்குள்ள டவர் அதை வாங்கி, நம் கம்பெனியின் வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. வெளி உலகுக்கு அது போவது இந்தியாவிலிருந்து. அதனால் அந்நாட்டுத் தடுப்பு இதன் வழியில் குறுக்கே வருவதில்லை. யூடியூப் திறந்தால் ஊரில் வரும் அதே விளம்பரங்கள் வந்ததன் காரணமும் இதுவே.

பேக்கின் குறை அளவுதான். உம்மாவோடு அரை மணி நேர வீடியோவுக்கு என் போனில் ஏறக்குறைய 200 எம்பி போனது. 25 நாளுக்கு அதுவே 5 ஜிபி, மற்றதெல்லாம் தனி. முதல் பேக் இரண்டாம் வாரமே தீர்ந்து இன்னொன்று போட்டேன். தீர்ந்தது தெரியாமல் ஓட்டினால் பேக் இல்லாத ரேட்டில் ஏறும், அந்த ரேட் பயங்கரமானது. அதோடு, ஆன் செய்த அந்த டேட்டா ரோமிங் எனக்கு அரிச்சல்முனை வரை கூடவே வந்தது.

மூன்றாம் தடவை இ-சிம். இனி விசிட்டுக்கு இதைத்தான் எடுப்பேன்.

இது பிளாஸ்டிக் சிம் இல்லை, போனுக்குள்ளேயே இருக்கும் சிப்பில் இறங்கும் ஒரு கணக்கு. பயணத்துக்கென்று விற்கும் இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் வரும், போன் நம்பர் இருக்காது. வாட்ஸப் பழைய ஊர் நம்பரிலேயே ஓடும். ஊர் சிம்மைக் கழற்ற வேண்டியதும் இல்லை, அது தன் இடத்தில் இருந்து பேங்க் ஓடிபியை வாங்கிக்கொண்டிருக்கும். ரோமிங்கில் மெசேஜ் வருவதற்கு எனக்குக் காசு பிடிக்கவில்லை. முதல் தடவை லோக்கல் சிம்மைப் போடுவதற்காக ஊர் சிம்மை எடுத்துப் பர்ஸில் வைத்துவிட்டு, ஓடிபி வேண்டும் ஒவ்வொரு முறையும் ஊசியைத் தேடிய அவதி இதில் இல்லை.

வாட்ஸப் கால்? வந்தது, 25 நாளும். காரணம் ரோமிங் மாதிரியேதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சிம் அமீரகத்தில் ரோமிங்கில் இருக்கிறது. என்னுடையது சிங்கப்பூர் வழியாக வெளியே போனது, இணைய முகவரியைக் காட்டும் தளத்தில் பார்த்தேன். எல்லா இ-சிம்மும் இப்படியா என்றால், நான் போட்டுப் பார்த்தது ஒன்றே ஒன்று. வாங்கும் முன் விற்பவரிடம் "அமீரகத்தில் வாட்ஸப் கால் வருமா" என்று இதே வார்த்தையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. எனக்கு ஒரு ஜிபிக்கு ஆன செலவு பேக்கில் ஆனதில் பாதிக்கும் குறைவு.

செட்டிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெட்டே வராது, ஏனென்றால் அது ரோமிங்கில்தான் ஓடுகிறது. ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். இரண்டு சிம்முக்கும் இந்த பட்டன் தனித்தனியாக உண்டு. மொபைல் டேட்டா எந்த சிம்மில் என்ற இடத்தில் இ-சிம்மைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றுக்கு டேட்டா தானாகத் தாவும் வசதி ஐபோனிலும் சாம்சங்கிலும் இருக்கிறது. அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அடக்கமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த பட்டன், ஊர் சிம்மில் ரோமிங் திறந்திருந்தால் நமக்குத் தெரியாமல் அதில் டேட்டாவை ஓட்டிவிடும்.

இ-சிம்மை ஊரில், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இறக்குங்கள். அதை இறக்கத் தரும் க்யூஆர் குறியை அதே போனின் திரையில் வைத்து அதன் கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது, அதனால் இன்னொரு போனிலோ தாளிலோ எடுத்து வையுங்கள். நான் பஜாரில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். இறக்கியதைத் தெரியாமல் அழித்துவிட்டால் பெரும்பாலும் அதே குறி மறுபடி வேலை செய்யாது. ப்ரீபெய்டுக்காரர்கள் திரும்பி வரும் தேதி தாண்டி வேலிடிட்டி இருக்கும்படி ரீசார்ஜ் செய்துவிட்டு, வெளிநாட்டு ரோமிங் திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டேட்டா வேண்டாம்தான், ஆனால் அது திறக்காவிட்டால் ஓடிபி வராது. விமானத்தில் ஃப்ளைட் மோடு போடாமல் இருந்தால் சில விமானங்களின் உள்நெட்வொர்க்கைப் போன் பிடித்துக்கொள்ளும், அந்த ரேட் தரையில் உள்ளதைவிட மோசம்.

மலேசியாவுக்கும் சவூதிக்கும் நான் போனதில்லை, அங்கே எது மேல் என்று என்னால் சொல்ல முடியாது. வாட்ஸப் கால் தடை இல்லாத நாட்டில் லோக்கல் சிம்மின் தாராள டேட்டாதான் ஜெயிக்கும் என்று தோன்றுகிறது. இலங்கைக்குப் போய்வந்த மச்சான் ஒருவர் அப்படித்தான் செய்தார், குறை சொல்லவில்லை.

ஜனவரியில் உம்மாவையே துபாய்க்குக் கூட்டிப்போகிறோம், பத்து நாளுக்கு. இ-சிம்தான் போடலாம் என்று அவர் போனில் *#06# அடித்துப் பார்த்தேன். இ-சிம் ஏற்கும் போன் என்றால் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணுக்குக் கூடவே இஐடி என்று ஒரு நீள எண் காட்டும். உம்மா போனில் அது வரவில்லை. புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார், இதில் விரல் பழகிவிட்டதாம். அதனால் அவருக்கு மட்டும் ஊர் சிம்மில் சின்னதாக ஒரு ரோமிங் பேக். வீட்டில் இருக்கும்போது என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துவிடுவேன், தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். திருச்சியில் இறங்கி இமிகிரேஷன் தாண்டியதும் அந்தப் போனை வாங்கி டேட்டா ரோமிங்கை அணைக்கும் வேலையை மகளிடம் கொடுத்திருக்கிறேன்.