ஆயிரம் கட்டடமா, நூறு ஆர்க்கிடெக்டா, ஒரே ஒருத்தரா? எந்த புக்கை வாங்குறது

இன்னிக்குத் தேதியில உலகம் முழுக்க வேலை செய்யுற ஆர்க்கிடெக்டுங்க என்னென்ன கட்டியிருக்காங்கன்னு ஒரே புக்குல பாத்துடணும்னு தோணுச்சுன்னா முதல்ல கண்ணுல படுறது தடிமனா பளபளன்னு இருக்கிற புக்குங்கதான். எல்லாமே ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா உள்ள நாலு வேற வேற ஜாதி. நான் வருஷக்கணக்கா நாலையும் புரட்டிட்டு இருக்கேன். என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன்: எத்தனை ஆர்க்கிடெக்ட், எத்தனை பக்கம்னு பாக்காதீங்க, பிளானும் (மேலேர்ந்து பாத்தா தெரியுற தரைப் படம்) செக்ஷனும் (கட்டடத்தை நெட்டுக்கு வெட்டினா தெரியுற படம்) ஒழுங்கா போட்டிருக்கான்னு பாருங்க.

முதல் ஜாதி, பேரை அகரவரிசையில அடுக்கினது. ஒரு ஆர்க்கிடெக்டுக்கு நாலஞ்சு பக்கம், ரெண்டு பாராவுல வாழ்க்கைக் குறிப்பு, மத்ததெல்லாம் போட்டோ. புதுசா உள்ள வர்றவங்களுக்கு இது பெரிய திறப்புங்கிறத நான் மறுக்கவே மாட்டேன், எனக்கு பாதிப் பேரு தெரிஞ்சதே இப்படித்தான். ஆனா இந்த மாதிரி ஒரு புக்குலதான் சுவிஸ் ஆர்க்கிடெக்ட் பீட்டர் ஜூம்தோரோட புரூடர் கிளாஸ் சேப்பல் போட்டோவ முதல்ல பாத்தேன், ஜெர்மனியில ஒரு வயக்காட்டு நடுவுல நிக்குற சின்ன பிரார்த்தனைக் கூடம், 2007ல முடிச்சது. வெளிய காங்கிரீட் தூண் மாதிரி நேரா நிக்குது, உள்ள பாத்தா கரிஞ்ச மாதிரி கறுப்பு, சுவர் முழுக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் வரிவரியா பள்ளம், உச்சியில ஒரு ஓட்டை வழியா வெளிச்சம் இறங்குது. ரொம்ப நாள் வரைக்கும் அது கறுப்பு பெயின்ட் அடிச்ச மரப்பலகைன்னே நெனச்சிட்டு இருந்தேன்.

அது மரமே இல்ல. 112 மரத்தண்டுகள கூடாரம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு சாய்ச்சு நிறுத்தியிருக்காங்க, அதுதான் உள்பக்கத்து ஷட்டரிங், அதாவது காங்கிரீட்ட வார்க்கிற அச்சு. அதைச் சுத்தி காங்கிரீட்ட ஒரு நாளைக்கு அரை மீட்டர் உசரம்னு 24 அடுக்கா கொட்டி இடிச்சு இறுக்கியிருக்காங்க, மொத்தம் 12 மீட்டர். எல்லாம் கெட்டியானப்புறம் உள்ள இருந்த மரத்துக்கு தீ வெச்சு மூணு வாரம் மெதுவா கனல விட்டாங்க, மரம் சுருங்கி காங்கிரீட்ட விட்டு கழண்டுச்சு, அதோட தடமும் கரியும் மட்டும் சுவத்துல நின்னுடுச்சு. செக்ஷன் டிராயிங்க பாத்தா ஒரே நிமிஷத்துல பிடிபடும், வெளிய நேர் கோடு, உள்ள கூடாரக் கோடு, ரெண்டுக்கும் நடுவுல காங்கிரீட் கீழ மெலிசா, மேல போகப் போக தடியா. அந்த ஒரு கோட்டுப் படத்தை விட்டுட்டு நாலு போட்டோவ பெருசு பண்ணி போட்டது எனக்கு இன்னும் ஆறல.

இது ஒரு கட்டடத்தோட கதை மட்டும் இல்ல. ஸானா ஆபீஸ்காரங்க, அதாவது கசுயோ செஜிமாவும் ரியூ நிஷிசாவாவும், ஜப்பான்ல கனசாவாவுல கட்டின மியூசியம் (2004) இருக்கே, போட்டோவுல பாத்தா வளைஞ்ச கண்ணாடிச் சுவரு, புல்வெளி, அவ்ளோதான், எந்த ஊரு ஆபீஸ் லாபியா வேணாலும் இருக்கலாம். பிளானைத் திறந்தா 112.5 மீட்டர் விட்டத்துல ஒரு முழு வட்டம், அதுக்குள்ள சின்னதும் பெருசுமா கட்டம் கட்டமா ரூமுங்க ஒண்ணையொண்ணு தொடாம நிக்குது, நடுவுல இருக்கிற சந்துங்க தெரு மாதிரி நேரா ஓடி மறுமுனை கண்ணாடி வரைக்கும் போகுது. முன்பக்கம் பின்பக்கம்னே இல்லாத கட்டடம், எந்தப் பக்கத்துலேர்ந்தும் உள்ள வரலாம், அந்த யோசனை மொத்தமும் பிளான்லதான் இருக்கு.

ரெண்டாவது ஜாதி, அட்லஸ். 2004ல பைடன் பதிப்பகம் போட்ட அட்லஸ்தான் இதுல பெரியண்ணன், 75 நாட்டுலேர்ந்து 1,052 கட்டடம், தூக்கிட்டுப் போக கைப்பிடி வெச்ச பிளாஸ்டிக் பெட்டியோட வந்துச்சு, விரிச்சா மேசை நிறைஞ்சுடும், மடியில வெச்சுப் படிக்கிற கதையே இல்ல. ஆனா எனக்குப் பிடிச்சது சைஸ் இல்ல, அடுக்கின விதம். ஆர்க்கிடெக்ட் பேரு வரிசை இல்லாம உலகத்தை பகுதி பகுதியா பிரிச்சு வெச்சதால, பேரு பெத்தவரோட மியூசியமும் யாரும் கேள்விப்படாத ஒருத்தரோட சின்ன வீடும் பக்கத்துப் பக்கத்துல வந்துடுது, ஒரே வெயிலையும் மழையையும் ரெண்டு பேரு எப்படி சமாளிச்சாங்கன்னு ஒப்பிட்டுப் பாக்கலாம். போட்டோவோட டிராயிங்கும் வரும், சின்னதா இருந்தாலும் இருக்கே! ஆயிரத்தை ஒரே புக்குல அடைச்சா ஒவ்வொண்ணுக்கும் இடம் குறையத்தான் செய்யும், அந்தக் குறையை நான் பொறுத்துக்குவேன்.

இந்த ரெண்டு ஜாதிக்கும் பொதுவா ஒரு பிரச்சினை உண்டு, கட்டடம் முடிஞ்ச அன்னிக்கு எடுத்த போட்டோதான் புக்குல நிக்கும். சிலியில இக்கீக்கே ஊர்ல அலெஹான்ட்ரோ அரவேனாவோட எலிமென்டல் டீம் 2004ல முடிச்ச கின்டா மன்ராய் குடியிருப்பை எடுத்துக்கங்க. கிட்டத்தட்ட நூறு குடும்பத்துக்கு, கையில இருந்த பணத்துக்கு முழு வீடு கட்ட முடியாதுன்னு கிச்சன், பாத்ரூம், படிக்கட்டுன்னு ஒரு குடும்பத்தால தனியா செய்ய முடியாத பாதியை மட்டும் கட்டிக் குடுத்துட்டு மிச்சப் பாதியை வெறுமனே விட்டாங்க, குடும்பங்க வசதி வர வர அதை நிரப்பிக்கிட்டாங்க. முதல் நாள் போட்டோவுல அது பல்லு விழுந்த வாய் மாதிரி இடைவெளியோட நிக்கும், குடும்பங்க நிரப்பின அப்புறம் எடுத்த போட்டோவுல ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு கலரு, ஒவ்வொரு ஜன்னல். ரெண்டையும் சேத்துப் போட்டாத்தான் அது ஆர்க்கிடெக்சர், ஒண்ணை மட்டும் போட்டா அரைகுறை வேலையாத்தான் தெரியும். அரவேனாவுக்கு 2016ல ஆர்க்கிடெக்டுங்களுக்குக் குடுக்கிற பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைச்சது. அதே வருஷம் அவங்க நாலு வீட்டுத் திட்டத்தோட டிராயிங்க யார் வேணாலும் டவுன்லோடு பண்ணிக்கலாம்னு சும்மாவே குடுத்தாங்க, காசு குடுத்து வாங்குற பல புக்குல கிடைக்காதது அது.

மூணாவது, விமர்சகருங்க பொறுக்கிக் குடுக்கிறது. 2000ல வந்த 10x10 இந்த ரகம், பத்து பேரு ஆளுக்கு பத்து ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுத்தாங்க. யாரு யாரை ஏன் எடுத்தாங்கன்னு தெரியுறது நல்லது, தேர்வுக்கு ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்குறாரு. மத்தபடி அது அந்தக் காலத்துக் கணிப்பு, இன்னிக்கு முதல் புக்கா வாங்க சொல்ல மாட்டேன்.

நாலாவது, ஒரே ஆர்க்கிடெக்ட். என் மனசு நிக்கிற இடம் இதுதான். மாட்ரிட்லேர்ந்து 1982 முதல் வர்ற எல் க்ரோக்கிஸ் பத்திரிகை பெரும்பாலும் ஒரு இதழுக்கு ஒண்ணு ரெண்டு ஆபீசை எடுத்துக்கிட்டு டிராயிங்கோட ஆழமா இறங்கும், ஸ்பானிஷும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்துல, ஸானாவுக்கே பல இதழ் போட்டிருக்காங்க. வார்த்தையில சுத்தி வளைச்சு எழுத வேண்டிய விஷயம் எல்லாம் கோட்டுலயே இருக்கும், பென்சிலும் ஸ்கேலும் எடுத்து அந்த பிளானை திருப்பி வரைஞ்சு பாத்தா வேற எந்த புக்கும் கத்துத் தராதது வரும். ஒரு கட்டடத்துக்கு அஞ்சாறு பக்கம் டிராயிங் கிடைக்கும்போதுதான் ஜூம்தோர் சுவிட்சர்லாந்துல வால்ஸ் ஊர் குளியல் கூடத்துல (1996) என்ன பண்ணாருங்கிற மாதிரி சங்கதி புரியும். அங்க கிடைக்கிற குவார்ட்சைட் கல்லை மூணு தடிமன்ல அறுத்து, அந்த மூணும் ஒண்ணு மேல ஒண்ணு வந்தா பூச்சு இடைவெளியோட சேந்து சரியா 15 சென்டிமீட்டர் ஆகுற மாதிரி வெச்சாரு. அதனால வரிசை எப்படி மாறினாலும் 15க்கு 15 கணக்கு தப்பாது, ஆனா சுவரு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்றதா கண்ணுக்குத் தெரியாது. கோட்டுப்படத்துல ஸ்கேல் வெச்சு அளக்கலாம், போட்டோவுல அது வெறும் சாம்பல் கலர் சுவரு.

குறையும் இருக்கு, பேரு தெரிஞ்சாத்தான் ஒருத்தரைத் தேடி வாங்க முடியும். அதனால நான் சொல்றது இப்படி: அட்லஸ் ரகத்தை லைப்ரரில வெச்சு ஒரு வாரம் புரட்டுங்க, மனசுல ஒட்டுற மூணு பேரை எழுதி வெச்சுக்கங்க, காசை அந்த மூணு பேரோட தனி புக்குக்கு வெச்சிருங்க. அகரவரிசை போட்டோ புக்கு யாராவது பரிசா குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கங்க.

கடையில கையில எடுக்கும்போது அட்டையை விட்டுட்டு நடுவுல ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்க. பிளான் இருக்கா, அதுல ஸ்கேல் கோடு இருக்கா, வடக்கு எந்தப் பக்கம்னு குறி இருக்கா, செக்ஷன் எங்க வெட்டினதுன்னு பிளான்ல காட்டியிருக்கா. இந்த நாலும் இருந்தா போட்டோ கறுப்பு வெள்ளையா இருந்தாக்கூட பரவால்ல, வாங்கிடுங்க.