‘கையால் செய்த அமைதியான டின் விசில்’: பணம் கட்டும் முன் சன்னலைப் பாருங்கள்

ஆறு துளையுள்ள சின்ன ஊதுகுழலான ஐரிஷ் டின் விசில் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு. ‘முழுக்கக் கைவேலை, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, தேன் மாதிரி நாதம்’ என்று சொல்லி 140 யூரோவுக்கு விற்கப்பட்ட ஒரு டி (D) சுருதி விசில் என்ன லட்சணத்தில் வந்து சேர்ந்தது என்பதைக் கீழே படியுங்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் வேறு பலரும் உண்டு. செய்முறை தெரிந்துவிட்டால் யாரிடமும் ஏமாற வேண்டியதில்லை.

தலைப்பகுதியில் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக், இரு பக்கமும் அச்சில் வார்த்த கோடு. கடையில் 10, 15 யூரோவுக்குக் கிடைக்கும் தொழிற்சாலை விசிலின் தலைதான் அது. தலையில், காற்று மோதும் விளிம்புக்கு முன்னால் இருக்கும் திறப்புதான் சன்னல். அதன் இரண்டு ஓரத்திலும் எம்-சீல் மாதிரி ஏதோ அப்பி, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தார்கள். பித்தளைக் குழாயின் அடிமுனையில் அரம் போட்ட தடம் புதுசாக மின்னியது. பிசிறைக்கூட எடுக்கவில்லை. கைவேலை என்று சொன்னது இவ்வளவைத்தான்.

இதில் என்ன குற்றம், சத்தம் குறைந்திருக்கிறதே என்று கேட்கலாம். குறைந்திருப்பது உண்மைதான். வாயிலிருந்து வரும் காற்று குறுகிய பாதை வழியாகப் போய், சன்னலைத் தாண்டி, எதிரே உள்ள கூரான விளிம்பில் மோதும்போதுதான் விசில் பாடுகிறது. சன்னலைச் சிறிதாக்கினால் சத்தம் குறையும். ஆனால் கூடவே சுருதியும் இறங்கும். குழாய் சில மில்லிமீட்டர் நீண்டுவிட்டதைப் போல அது நடந்துகொள்ளும். அந்த இறக்கம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவில் இருக்காது என்பதில்தான் திருட்டு மாட்டிக்கொள்கிறது.

டி விசில் என்பது நம் கணக்கில் இரண்டு கட்டை, மேல் ஸ்தாயி. ஆறு துளையையும் மூடி ஊதினால் ச; அதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம். அடி ச-வுக்கு ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 290 மி.மீ., ஆறும் திறந்த நி-க்கு 155 மி.மீ. சன்னலை அடைத்ததால் 3 மி.மீ. கூடிய மாதிரி ஆனால், ச 18 சென்ட் இறங்கும், நி 33 சென்ட் இறங்கும் (சென்ட் என்பது இங்கே சுருதி அளவு; அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). தலை குழாயோடு ஒட்டியிருந்தால் உள்ளே தள்ளிச் சரிசெய்ய முடியாது. அதனால் விற்பவர் அடிமுனையை அறுத்து ச-வை மட்டும் டியூனரில் (சுருதி காட்டும் கருவியில்) சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். துளைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக ச சுத்தம், ரி சுமார் 20 சென்ட் கீழே, ப 26, நி 33. விளம்பரத்தில் டியூனர் படம் ஒன்றே ஒன்று, அதுவும் அடி ச-வுக்கு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே போகப் போக இறங்கிக்கொண்டே வந்தால் அது பெரும்பாலும் அறுத்த விசில்தான்.

டியூனரில் பார்க்கும் முன் குழலை ஐந்து நிமிடம் கையில் வைத்துச் சூடாக்குங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தாலே 30 சென்ட் வரை இறங்கிவிடும். குளிரில் கிடந்த நல்ல குழலைப் போலி என்று திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குழாயைக் கடையில் வாங்குவது மோசடி இல்லை. 12.7 மி.மீ. வெளிவிட்டமும் 0.36 மி.மீ. தடிமனும் உள்ள பித்தளைக் குழாயை நல்ல கைவினைஞர்களும் வாங்கித்தான் செய்கிறார்கள். காற்றுப்பாதையின் உயரம், விளிம்பின் கூர்மை, துளைகளின் இடம் மூன்றிலும்தான் அவர்கள் உழைப்பு. அதே போல மலிவான விசிலின் தலையில் காற்றுப்பாதைக்கு அடியில் இருக்கும் குழிவை ப்ளூ டாக் (சுவரில் படம் ஒட்டும் மாவு மாதிரிப் பசை) வைத்து நிரப்பி, விளிம்பின் பிசிறை எடுத்து, ‘சீர்செய்த தொழிற்சாலை விசில்’ என்று சொல்லியே நியாயமான விலைக்கு விற்பவர்கள் உண்டு. அது நல்ல வேலை. நாதம் நிஜமாகவே தெளியும். குழிவை நிரப்புவது வேறு, சன்னலை அடைப்பது வேறு.

உண்மையில் அமைதியாக இருக்கும்படி வடிவமைத்த டி விசிலில் குழாயே ஒடுக்கமாக இருக்கும். வழக்கமான உள்விட்டம் சுமார் 12 மி.மீ.; அமைதியானதில் 11-க்குப் பக்கம் வரும். மூச்சு குறைவாகப் போதும், மேல் ஸ்தாயி கிறீச்சிடாது. பதிலுக்கு அடி ச மெலிந்திருக்கும், கொஞ்சம் அழுத்தி ஊதினாலும் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். இந்தக் குறையைத் தானாகவே சொல்கிற விற்பனையாளரை நம்பலாம். ‘நள்ளிரவில் ஃபிளாட்டில் ஊதலாம்’ என்பவரை நம்பவே வேண்டாம். எந்த டி விசிலிலும் மேல் த சத்தமாகத்தான் வரும். காது கூசக்கூடாது என்றால் இன்னும் தாழ்ந்த சி அல்லது பி ஃப்ளாட் சுருதியில் வாங்குவது இதைவிட உருப்படியான வழி.

இன்னொரு வகை ஏமாற்று, பழம்பொருள் என்று தள்ளிவிடுவது. தகரத்தைக் கூம்பாக உருட்டி மரக்கட்டை செருகிய விசிலை ராபர்ட் கிளார்க் 1843-இல் இங்கிலாந்தில் செய்ய ஆரம்பித்தார். அந்த வடிவம் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. கறுப்புச் சாயத்தையும் பொன்னிற வைரக் குறிகளையும் சுரண்டிவிட்டால் நூறு வருடப் பழசு போலவே இருக்கும். மடிப்புக்குள் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு வீடியோ கேளுங்கள். எதிரொலி சேர்க்காமல், போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, முதலில் சாதாரணக் குரலில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உடனே ஊதச் சொல்லுங்கள். பேச்சோடு ஒப்பிட்டால்தான் ‘அமைதி’ எவ்வளவு என்று தெரியும். தனியாக ஊதினால் எல்லாக் குழலும் அமைதியே. அடி ச-விலிருந்து மேல் த வரை மெதுவாகப் போகட்டும். அடி ச-வை மெல்லத் தொடங்கி, அது மேல் ஸ்தாயிக்குத் தாவும்வரை அழுத்தி ஊதட்டும். பிறகு மேலிருந்து இரண்டாம், மூன்றாம் துளையை மட்டும் மூடிக் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி). கடைசியாகச் சன்னலை நேராகக் காட்டும் படம் ஒன்று, வெளிச்சத்தில். இதற்கே சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். பணத்தை ‘நண்பர்கள், குடும்பம்’ வழியில் அனுப்பச் சொன்னாலும் அப்படியே; பேபாலில் அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்தால் நூலை அவிழ்க்காதீர்கள், தலையை வெந்நீரில் போட்டுக் கழற்றாதீர்கள், உப்புத்தாள் வைக்காதீர்கள். எட்டு ஸ்வரத்தின் டியூனர் படமும் சன்னல் படமும் போதும். பத்து நிமிடம் ஊதியதும் குரல் கம்மினால் அது போலிக்கு அடையாளம் இல்லை. குறுகிய காற்றுப்பாதையில் ஈரம் தேங்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து காற்றுப்பாதையில் விட்டு, அலசாமல் காயவிடுங்கள். கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்த வேண்டாம். விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலே நாதம் போய்விடும், விற்றவருக்கும் பணம் தராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.