களியக்காவிளை அச்சகமும் என் பிள்ளையார் சுழியும்

மகளின் திருமண அழைப்பிதழை அச்சடிக்க மார்த்தாண்டத்திலேயே நாலு கடை இருக்க, நான் களியக்காவிளைக்குப் போனதற்குக் காரணம் சம்பந்தி வீடு. மாப்பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் வேண்டும். இரண்டையும் பிழையில்லாமல் கோக்கத் தெரிந்தவர்கள் கேரள எல்லையில்தான் கிடைப்பார்கள் என்று நினைத்தேன். பாதி சரிதான்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய அச்சகம். சுவரில் மாதிரி அட்டைகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன: ஒன்றின் தலையில் சிலுவை, அடுத்ததில் 786, அதற்கடுத்ததில் உ. எங்கள் ஊர்ப் பக்கத்து அச்சகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். 350 அட்டை, உறையோடு ஒன்று 16 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் புரூஃப் வந்தது. பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘சி’ நிற்கிறது! மற்ற தமிழெல்லாம் சரி, அது மட்டும் அப்படி. போனில் கேட்டால், “அக்கா, பாமினியில் அடித்தது, அந்த ஓர் இடத்தில் எழுத்துரு மாறிவிட்டது” என்றார் கடைக்காரர். பாமினி எழுத்துருவில் ‘உ’வுக்கு உரிய விசை ஆங்கில ‘சி’தான். எழுத்துரு விலகினால் அடியில் கிடந்த ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். காரணம் புரிந்தது, கோபம் போகவில்லை. நான் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். ஒவ்வொரு நாள் பக்கத்தையும் உ போட்டுத்தான் தொடங்குவேன். அந்த எழுத்து இல்லாத தாள் எனக்கு வெள்ளைத் தாள்.

கணக்கில் உ எனக்குச் சிறு வயதிலேயே குழப்பம் தந்த எழுத்து. தாத்தாவின் கொப்பரைக் கணக்கு நோட்டில் மேலே ஓர் உ இருக்கும், கீழே மூட்டை எண்ணிக்கையிலும் உ இருக்கும். பிள்ளையாருக்கு எதற்கு இத்தனை மூட்டை என்று கேட்டிருக்கிறேன். தமிழ் எண்ணில் உ என்றால் 2, அ என்றால் 8 என்று அப்போதுதான் சொல்லிக் கொடுத்தார். ‘எட்டும் இரண்டும் தெரியாதவன்’ என்று பெரியவர்கள் திட்டுவதும் இந்த அ, உ இரண்டையும் வைத்துத்தான் என்பார்.

அடுத்த சண்டை மலையாளப் பக்கத்தில். நானும் எழுத்துக் கூட்டி மலையாளம் படிப்பேன். சம்பந்தியின் முகவரியில் ‘வீடு’ என்ற சொல்லின் கடைசியில் உகரக் குறியே இல்லை, ட மேல் ஒரு சின்னப் பிறை மட்டும். “இது வீட் என்றல்லவா ஆகிறது?” என்று நேரில் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, “அக்கா, வீடு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கடைசி எழுத்துக்கு உதடு குவிகிறதா?” என்றார். குவியவில்லை. பள்ளியில் குற்றியலுகரம், அரை மாத்திரை என்று மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. நாம் முழு உகரமாகவே எழுதிவிட்டுக் குறுக்கிச் சொல்கிறோம், அவர்கள் குறுகியதைப் பிறை போட்டே காட்டிவிடுகிறார்கள். பிழை என்னுடையது.

என் மகள் பெயர் குமுதா. இரண்டு உகரம். தமிழில் கு ஒரு வடிவம், மு வேறு வடிவம், சு, து, ரு என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் போகும். மலையாளப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே கொக்கி, எழுத்தைத் தொடாமல் பக்கத்தில் நிற்கிறது. 1971இல் கேரள அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது பிரித்ததாம். 1956 வரை எங்கள் குமரிப் பகுதியும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கத்தோடுதானே இருந்தது, என் பாட்டி பள்ளியில் படித்த மலையாளத்தில் கொக்கி எழுத்தோடு ஒட்டியே இருந்தது. தமிழில் 1978இல் ணா, றா, லை போன்றவற்றை மாற்றினார்கள், உகரத்தின் பக்கம் போகவில்லை. அதனால் அலங்கார எழுத்துருவில் தமிழ்ப் பெயர் அடிக்கும்போது கு, சு இவற்றின் வால்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்கள் முதல் புரூஃபில் ‘மு’வின் வால் கரையில் வெட்டுப்பட்டிருந்தது.

தாள் நல்ல கனம். தங்க நிற எழுத்து விரலால் தேய்த்தாலும் உதிரவில்லை. உறைகளின் பசைதான் மோசம், பாதியை நாங்களே மறுபடி ஒட்டினோம். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம். சனிக்கிழமை போகாதீர்கள், நிற்க இடமிருக்காது.

மலையாளப் பக்கத்தின் தலையில் ‘ஹரிஸ்ரீ கணபதயே நமஹ’ என்று ஒரு முழு வரி வந்தது. தமிழ்ப் பக்கத்தில் அதே வேலைக்கு ஒற்றை எழுத்து. அதுவும் இரண்டாம் புரூஃபில் சரியாக வந்தும் எனக்குப் பிடிக்கவில்லை, அந்த எழுத்துருவின் உ ஏதோ கொட்டாவி விடுகிறாற்போல இருந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்த கடைக்காரர் ஒரு வெள்ளைத் தாளையும் தடித்த பேனாவையும் நீட்டி, “நீங்களே போட்டுக் கொடுங்கள் அக்கா” என்றார். நின்றபடியே போட்டேன், கணக்கு நோட்டில் போடுவதுபோல வாலைக் கொஞ்சம் நீட்டி. அதை ஸ்கேன் செய்து தங்க நிறத்தில் ஏற்றிவிட்டார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. 350 அட்டையிலும் என் கையெழுத்து உதான் இருக்கிறது.