அடிக்கடி விலகும் தோள்: பேங்கார்ட்டா, லட்டார்ஜேயா?

கபடியில் கையைப் பிடித்து இழுக்கும்போதும், ரக்பியில் கையை அகல விரித்து டேக்கிள் போடும்போதும் தோள் முன்பக்கமாக விலகும். இளம் வயதில் ஒருமுறை விலகினால் மறுபடியும் விலகத்தான் பார்க்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு அறுவை சிகிச்சைகள் உண்டு. பேங்கார்ட் முறையில், தோள் மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் கிழிந்திருப்பதை, ஆர்த்ரோஸ்கோப் (சிறு துளை வழியே நுழைக்கும் கேமராக் குழாய்) வழியாக, எலும்பில் பதிக்கும் சிறு ஆங்கர்களும் நூலும் கொண்டு குழி விளிம்பிலேயே திரும்பத் தைக்கிறார்கள். சின்னத் தழும்பு, மூட்டின் அமைப்பும் மாறாது.

லட்டார்ஜே கொஞ்சம் முரட்டு வைத்தியம். 1954-இல் பிரான்சின் மிஷேல் லட்டார்ஜே விவரித்தது. தோள்பட்டை எலும்பில் முன்பக்கம் கொக்கிபோல நீளும் காரக்காய்டின் நுனியைத் தசைநாணோடு வெட்டியெடுத்து, குழியின் முன்விளிம்பில் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். குழி அகலமாகும். கையைத் தூக்கி வெளியே திருப்பும்போது அந்தத் தசைநாணே வார்போல இறுகி மூட்டைத் தாங்கும். ஆனால் நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஸ்க்ரூ தொந்தரவு தரலாம், எலும்பு ஒட்டாமலும் போகலாம்.

சரி, எதைத் தேர்வது? எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2000-இல் பர்க்கார்ட், டி பீர் என்ற அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பேங்கார்ட் செய்துகொண்ட, உடல் மோதும் ஆட்டங்கள் ஆடுபவர்களில் பெரிய எலும்புக் குறை இருந்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் பிரச்சினை திரும்பியது, இல்லாதவர்களில் 6.5 சதவீதம்தான். எனவே எம்.ஆர்.ஐ.யோடு நிற்காமல் முப்பரிமாண சி.டி.யும் கேளுங்கள். குழியில் 20 சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் லட்டார்ஜேதான் என்பேன். எலும்பு முழுசாக இருந்தால் பேங்கார்ட் போதும். இடைப்பட்டவர்கள், அதிலும் 20 வயதுக்குள் போட்டிகளில் ஆடுபவர்கள், இரண்டையும் செய்து பழகிய மருத்துவரிடம் போவது நல்லது.